பெரியப்பாவின் பல்லும் ஸ்டென்ட் மாத்திரையும்

பிரபு: அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. வியாழக்கிழமை பிடுங்குகிறார்கள். ரத்தம் நிற்காது என்று பயந்து, இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்ததற்காகப் போடும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நேற்றே நிறுத்திவிட்டார்.

கவிதா: எது எது? ஆஸ்பிரினும் டிகாக்ரிலாருமா?

பிரபு: ஆமாம். இரண்டும்.

கவிதா: பெரியப்பா, உங்கள் இதய டாக்டருக்கு இப்போதே போன் போடுங்கள். மாலை வரை காத்திருக்க வேண்டாம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து 8 மாதம்தான் ஆகிறது. பொதுவாக 12 மாதம் இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். நடுவில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் பெரிய மாரடைப்பாகத்தான் வரும்.

செல்வி அத்தை: ஐயோ. அப்போ பல்?

கவிதா: ஒரு பல்தானே அத்தை, மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்குவார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டால் ரத்தம் நின்றுவிடும், தேவைப்பட்டால் தையல் போடுவார்கள். மாத்திரைச் சீட்டைப் பல் டாக்டரிடம் காட்டினால் போதும்.

பெரியப்பா: பேசிட்டேன்மா. உடனே போடச் சொன்னார், போட்டாச்சு. பல் டாக்டரிடமும் அவரே பேசுகிறாராம்.

கவிதா: அப்பாடா 🙏

செல்வி அத்தை: ஸ்டென்ட் பத்து வருஷம்தான் உழைக்குமாமே, அப்புறம் மாற்ற வேண்டுமா?

கவிதா: மாற்றுவதெல்லாம் கிடையாது அத்தை. அதன்மேல் ரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்துவிடும், ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும். முன்பு வெறும் உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 20, 30 பேருக்கு அதே இடம் மறுபடி சுருங்கியது. மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபின் அது ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனால் வைத்த இடத்தை மட்டும்தான் ஸ்டென்ட் திறந்து வைக்கும். மற்ற குழாய்களில் கொழுப்பு படிவதை அது தடுக்காது. நான் வேலை பார்க்கும் கேத் லேபுக்கு, அதாவது ஸ்டென்ட் வைக்கும் பிரிவுக்கு, சில வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவர்களில் பலருக்கு ஸ்டென்ட் நன்றாகவே இருக்கும், அடைப்பு வேறு இடத்தில் இருக்கும்.

பெரியம்மா: கொழுப்பு மாத்திரையையும் போன மாதமே விட்டுவிட்டார், கவிதா. ரிப்போர்ட் நார்மலாம்.

கவிதா: மாத்திரை போட்டதால்தான் பெரியம்மா நார்மல்! மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 55க்குக் கீழே வேண்டும் என்பது ஐரோப்பிய இதயநோய்க் கழகத்தின் 2019 வழிகாட்டுதல். லேப் தாளில் 100 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பது எல்லோருக்குமான கணக்கு. அவருக்கு எவ்வளவு இருந்தது?

பிரபு: 88.

கவிதா: அது போதாது. டாக்டரிடம் இதையும் சொல்லி இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் இருப்பதால் கேட்கிறேன், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று?

பெரியம்மா: தீபாவளிக்கு முன்னால் பார்த்தது.

பிரபு: சரி, சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் கூட்டிப்போய் எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுத்துவிடுகிறேன்.