ஆர்பிஎம் மீற்றர் (நிமிசத்துக்கு எத்தனை சுத்து எண்டு காட்டுறது) செய்தவங்க: திரையில வந்த விசர் எண்களைச் சொல்லுங்க

உப்புவெளி
விசிறி நிண்டு போச்சு. இதழ் அசையல்ல. திரையில 6000!
ஐஆர் சென்சரை (வெளிச்சம் மாறுறதை எண்ணுறது) கையால பொத்தினா 0, எடுத்தா திரும்ப 6000. பார்த்தா தலைக்கு மேல ரியூப் லைற். நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ், பழைய சோக் லைற் செக்கனுக்கு 100 தரம் மின்னும், அதைப் 60ஆல பெருக்குங்க. சென்சர்ல 2 சென்ரிமீற்றர் கறுப்புக் குழாய் மாட்டினதும் அடங்கிற்று.

கிண்ணியா
வெளிச்சத்தோட மாரடிக்காம ஹோல் சென்சர் (காந்தம் கிட்ட வந்தா துடிப்புத் தாறது) போடுங்க. ஏ3144, வெளியீட்டுக் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல 10 கிலோ ஓம் ரெசிஸ்ரர். வள்ள என்ஜின்ல பூட்டினா, சும்மா ஓட்டத்தில 900 காட்ட வேண்டியது 2700. ரெண்டு சிலிண்டர்: ஒரு சுத்துக்குக் காந்தம் ஒண்டு, ஸ்பார்க் ரெண்டு, மூண்டையும் எண்ணிப் போட்டுது. பிளக் வயரோட சேர்த்துக் கட்டின வயரைப் பிரிச்சு, 8 மில்லிசெக்கனுக்குள்ள வாற துடிப்பைத் தள்ளச் சொல்லி கோட்ல எழுதினதும் சரி.

மூதூர்
கோட் இல்ல நானா, வயரைப் பிரிச்சதுதான் வேலை செஞ்சது. 900ல ஒரு சுத்துக்கு 66 மில்லிசெக்கன், ரெண்டு ஸ்பார்க்குக்கு இடையில 33. 8ஐ வச்சு எதைத் தள்ளுறது? கவச வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க. சென்சர் காலடியிலேயே 0.1 மைக்ரோபராட் கப்பாசிட்டர்.
எண்ணுறதையே விடுங்க. ஒரு காந்தத்தை ஒரு செக்கன் எண்ணினா 840, 900, 960 எண்டு தாவும், நடுவுல ஒண்டும் வராது. ரெண்டு துடிப்புக்கு இடையில உள்ள மைக்ரோசெக்கனால 6 கோடியைப் பிரியுங்க. அர்டுயினோ நானோ போர்ட்ல 2ஆம், 3ஆம் பின்தான் இன்ரரப்டுக்கு (துடிப்பு வந்த உடனே மற்ற வேலையை விட்டுட்டு அதைக் கவனிக்கிறது). அந்த நேரத்தை வச்சிருக்கிற மாறியை வொலட்டைல் (ஒவ்வொரு தரமும் புதுசா வாசி எண்டு சொல்லுற சொல்) எண்டு எழுதி, வாசிக்கிற நேரம் இன்ரரப்டை நிறுத்துங்க. நானோ 8 பிட். 4 பைட் எண்ணை ஒரே மூச்சில வாசிக்காது. பாதி பழசு பாதி புதுசா வந்து எப்பவாவது ஒரு விசர் எண் காட்டும். சென்சரை பிளைவீலுக்குக் கிட்ட வைக்காதீங்க, அதுக்குள்ளேயே காந்தம் இருக்கு. உப்புக் காத்துக்கு சாலிடர் முனையெல்லாம் நெயில் பொலிஷ் ரெண்டு பூச்சு.
நம்ம கதையா? உப்புவெளி திட்டின அதே ரியூப் லைற்றை வச்சுத்தான் ஐஆர் மீற்றரைச் சரிபார்க்கிறது. 6000ஐச் சுத்தி நிண்டா கணக்குப் பிழையில்ல.

நிலாவெளி
எல்லாம் சரியாப் பூட்டியும் 0. காந்தத்தைப் புரட்டி வச்சதும் 900. ஏ3144இன் எழுத்துள்ள முகத்துக்குத் தென்முனைதான் பிடிக்கும். ஒட்ட முதல் கையால ஆட்டிப் பாருங்க, எபொக்சி இலேசில கழறாது.