பழைய அமெரிக்கப் பூச்சாடி சேகரிப்பை விற்றவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொலம்பஸ், ஒஹாயோ

எங்கள் தெருவில் ஒரு அமெரிக்கப் பெரியவர். மனைவி போன பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்க முடிவெடுத்தார். அந்த அம்மா ஆயுள் முழுக்கச் சேர்த்த பூச்சாடிகள் ஹால், சாப்பாட்டறை, மாடிப்படி ஓரம் என்று வீடு கொள்ளாமல் நின்றன. ரோஸ்வில், வெல்லர், மெக்காய் நிறைய, ரூக்வுட் கொஞ்சம், நான்குமே ஒஹாயோவின் பழைய பூச்சாடிக் கம்பெனிகள். ரூக்வுட் சின்சினாட்டியில் 1880இல் தொடங்கியது, மற்றவை எல்லாம் இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஜேன்ஸ்வில் வட்டாரத்தில் செய்தவை. நல்ல களிமண்ணும் சூளைக்கு எரிவாயுவும் அங்கேயே கிடைத்ததால் ஒரு காலத்தில் அந்தப் பக்கமே இந்தத் தொழிலில்தான் பிழைத்தது.

விற்பதற்கு நானும் மனைவியும் கூட இருந்தோம். முதலில் வந்தவர் ஒரு டீலர். ஹாலை ஒரு சுற்று சுற்றினார், ரூக்வுட் ஜாடி ஒன்றை மட்டும் எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தார், பேசாமல் வைத்தார், அப்புறம் வீட்டில் இருப்பது அத்தனைக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு விலை சொன்னார். அவர் பார்த்தது எங்களுக்கும் தெரியும். ரூக்வுட்டின் அடியில் திருப்பி எழுதிய ஆர் எழுத்தும் பி எழுத்தும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும், அதைச் சுற்றித் தீச்சுடர்கள். 1887இல் ஒரு சுடர், பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி 1900இல் பதினான்கு. அதற்குப் பிறகு சுடர் அதிகரிக்காது, கீழே ரோமன் எண் வரும். இந்த ஜாடியில் பதினான்கு சுடரும் ஆறும் இருந்தது, அதாவது 1906. ஓவியரின் கையெழுத்தும் இருந்தது. மற்ற ஜாடிகளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மொத்த விலை பேசுகிறவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இலவச இணைப்பு. கொடுக்காதீர்கள்.

அவரே இன்னொன்றும் சொன்னார்: அடியில் முத்திரை இல்லாததெல்லாம் தேறாது என்று. இது சுத்தப் பொய். 1930களின் ரோஸ்வில்லில் சன்ஃபிளவர், விஸ்டேரியா போன்ற வகைகளுக்குப் பெரும்பாலும் ஒட்டுச் சீட்டு மட்டும்தான், அது என்றோ உரிந்து போயிருக்கும். அடியில் சிவப்பு, நீல கிரேயானில் கையால் எழுதிய எண் மட்டும் சில சமயம் மிஞ்சியிருக்கும். தயவுசெய்து அதை அழுக்கு என்று தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்!

மனதில் நிற்பவர் ஜேன்ஸ்விலிலிருந்து வந்த ஒரு வயதான பெண்மணி. அவருடைய அம்மா கல்யாணத்துக்கு முன் ரோஸ்வில் தொழிற்சாலையில் பூக்களுக்கு வண்ணம் தீட்டியவராம். உள்ளே வந்ததும் விரலில் இருந்த மோதிரங்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் ஜாடியைத் தொட்டார். அதைப் பார்த்ததும் பெரியவர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், அவர் மனைவியும் அப்படித்தானாம். ஒவ்வொன்றையும் நாம் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது மாதிரி விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். கணீரென்று கேட்டால் சரி, மங்கலாகக் கேட்டால் எங்கோ முடி அளவு விரிசல் ஓடுகிறது என்று அர்த்தம். ஜாடியின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சில் (கிளேஸ்) வலை மாதிரி ஓடும் மெல்லிய கோடுகள் வேறு, அது வயதால் வருவது, அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மக்னோலியா பூ வகை ரோஸ்வில் ஒன்று, இரண்டு சிறிய வெல்லர், அவ்வளவுதான் வாங்கினார், பேரம் பேசாமல்.

விலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரியவரின் மனைவி வாங்கிய ரசீதை ஜாடிக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்தார். தொண்ணூறுகளில் கொடுத்த விலையில் பாதிகூட இப்போது பல ஜாடிகளுக்குக் கிடைக்கவில்லை, பெரியவர் ரொம்ப வருத்தப்பட்டார். அப்போது ஆசையாகச் சேர்த்த தலைமுறை முழுக்க இப்போது ஒரே சமயத்தில் விற்கிறது, அரிது என்று நினைத்ததெல்லாம் ஊருக்கு ஊர் இருக்கிறது என்பதையும் இணையம் காட்டிக்கொடுத்துவிட்டது. கையெழுத்திட்ட ரூக்வுட், நியூ ஆர்லியன்ஸின் நியூகோம் காலேஜ் பட்டறை ஜாடிகள், ஜார்ஜ் ஓர் என்ற குயவர் செய்தவை போன்றவற்றின் கதை வேறு, அவற்றுக்குப் போட்டி இன்னும் இருக்கிறது. ஓர் 1918இல் இறந்தபோது மிசிசிப்பியின் பிலக்ஸியில் அவர் விற்காமல் விட்டுப்போன ஜாடிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. குடும்பம் அதைப் பல பத்தாண்டுகள் பெட்டிகளில் போட்டு வைத்திருந்து, பிறகு நியூ ஜெர்சி டீலர் ஒருவருக்கு விற்றது. இன்று அவற்றை அருங்காட்சியகங்களில் போய்ப் பார்க்கிறோம்.

ரூக்வுட்டை ஏலத்துக்குக் கொடுத்தோம், ரோஸ்வில்லையும் வெல்லரையும் சேகரிப்பவர்களிடம் ஒவ்வொன்றாக விற்றோம், மெக்காய் வீட்டுச் சாமான்களை வீட்டிலேயே வைத்து விற்கும் எஸ்டேட் சேலில் போனது. ஏலத்துக்குக் கொடுப்பவர்கள் கமிஷனோடு நிற்காமல் படம் எடுக்கும் செலவு, காப்பீடு, விலை போகாவிட்டால் என்ன கட்டணம், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

ஹூஸ்டன், டெக்சஸ்

அண்ணன் சொன்ன ரோஸ்வில்லில் போலியும் உண்டு. என் அலுவலகத் தோழி மாமியாரின் அலமாரியைக் காலி செய்தபோது நான் கூட இருந்தேன், இரண்டு மக்னோலியா ஜாடிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் அடியில் புடைத்த எழுத்தில் ரோஸ்வில், அதன் கீழ் யு.எஸ்.ஏ., வடிவ எண், அங்குல அளவு எல்லாம் தெளிவாக இருந்தன. மற்றதில் ரோஸ்வில் மட்டும்தான், யு.எஸ்.ஏ. இல்லை, பூவின் வண்ணமும் கோடு தாண்டி வழிந்திருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் சீனாவிலிருந்து இப்படி நிறைய வந்தன. அசல் கம்பெனி 1954லேயே மூடியாகிவிட்டது. பழைய வகைகளில் யு.எஸ்.ஏ. இல்லாமலும் அசல் உண்டு, அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஆனால் நாற்பதுகளின் புடைப்பெழுத்து ஜாடியில் இல்லையென்றால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். தோழி அதைப் போலி என்று சீட்டு ஒட்டியே விற்றாள், அதுதான் முறை.

எடிசன், நியூ ஜெர்சி

எங்களுடையது ஃபியஸ்டா என்ற பழைய அமெரிக்க வண்ணத் தட்டுகள், வீட்டை விற்றவர்கள் அடித்தளத்தில் விட்டுச் சென்றவை, கேட்டபோது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்க வந்த இளைஞர் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியோடு வந்தார்! பழைய சிவப்புத் தட்டின் மேல் வைத்ததும் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சிவப்புக்கு யுரேனியம் சேர்த்தார்களாம். 1936இல் வந்த நிறம் 1943இல் நின்றுபோனது, யுரேனியம் எல்லாம் போருக்குப் போய்விட்டதால். 1959இல் மறுபடி வந்து 1972 வரை ஓடியது. அவர் சிவப்பை மட்டும் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், சாப்பாடு போட வேண்டாம், யாருக்கு விற்றாலும் இதைச் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்.

கொலம்பஸ், ஒஹாயோ

பார்சல் பற்றித் தனிச் செய்தியில் கேட்ட தங்கைக்கு: ஜாடிக்குள்ளேயும் காகிதத்தைத் தளர்வாக நிரப்புங்கள், பபுள் ராப் சுற்றி ஒரு பெட்டி, அதற்கு வெளியே எல்லாப் பக்கமும் மெத்தை போட்டு இன்னொரு பெட்டி. கைப்பிடி இருந்தால் அதைத் தனியாகச் சுற்றுங்கள், அதுதான் முதலில் உடையும். மூடியை ஜாடியின் மேலேயே ஒட்டி அனுப்பாதீர்கள்.