பிளேட்லெட் ஃபாக்டர் 4: நலமாக இருப்பவரிடமும் அளவு கூடுவது ஏன்?

கேள்வி (மாணவர்):
மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கிறேன். உடலுக்குள் தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள், இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) தூண்டப்பட்டு இரத்தம் உறையத் தொடங்கியுள்ளதா என்பதை அறிய, பிளேட்லெட் ஃபாக்டர் 4 புரதத்தை எலைசா (எதிர்ப்பொருள்களைக் கொண்டு புரதத்தை அளக்கும்) முறையில் அளந்து பழகுகிறோம். நலமாக உள்ள வகுப்புத் தோழர் ஒருவரின் வலக்கை மாதிரியில் சில நானோகிராமே இருந்த அளவு, நரம்பு கிடைக்காமல் ஊசியை இருமுறை நகர்த்தி எடுத்த இடக்கை மாதிரியில் பல மடங்கு கூடியிருந்தது. இச்சோதனையை எப்படி நம்புவது?

மறுமொழி 1 (ஆய்வகப் பொறுப்பாளர்):
ஊசி நகர்ந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். இப்புரதம் தட்டணுக்களின் ஆல்ஃபா துகள்கள் எனும் நுண்பைகளில் அடைபட்டிருக்கிறது. பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப்பகுதியில்) மில்லிலிட்டருக்குப் பத்து நானோகிராமுக்கும் குறைவாக உள்ள இது, உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் நீரான சீரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே ஆயிரத்தில் ஒரு தட்டணு சிதைந்தாலும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கையில் கட்டும் பட்டையைத் தளர்வாகக் கட்டி, சற்றுப் பருத்த ஊசியால் எடுத்து, முதலில் வரும் சில மில்லியை ஒதுக்கிவிடுங்கள். உறைதலைத் தடுக்கும் சிட்ரேட்டுடன், தட்டணுக்கள் தூண்டப்படாமல் காக்கும் தியோபிலின், அடினோசின், டிபிரிடமோல் கலந்த குழாயில் பிடித்து, உடனே பனிக்கட்டி நீரில் வையுங்கள். குளிரிலேயே சுழற்றிய பின், அடியில் படிந்துள்ள அணுக்களைத் தொடாமல் பிளாஸ்மாவின் நடுப்பகுதியை மட்டும் உறிஞ்சுங்கள்; அவசரத்தில் பலரும் தவறுவது இங்கேதான்.

மறுமொழி 2 (ஆராய்ச்சி மாணவி):
அதே மாதிரியில் பீட்டா த்ராம்போகுளோபுலின் என்ற மற்றொரு தட்டணுப் புரதத்தையும் அளப்பது நல்லது. இரண்டும் ஒரே துகள்களிலிருந்து ஒன்றாக வெளியேறினாலும், ஃபாக்டர் 4 இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. மற்றதன் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 100 நிமிடம். எனவே பீட்டா த்ராம்போகுளோபுலின் மட்டும் தனித்து உயர்ந்திருந்தால் தட்டணுக்கள் உடலுக்குள்ளேயே தூண்டப்பட்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால், மாதிரி எடுக்கும்போதோ மாதிரிக் குழாயிலோ தட்டணுக்கள் சிதைந்தனவா என்றுதான் முதலில் ஐயுற வேண்டும். ஆனால் இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பெறுபவரிடம் இந்த ஒப்பீடு பயன்படாது. அம்மருந்து சுவரில் ஒட்டியதையும் பெயர்த்து இரத்தத்தில் சேர்த்துவிடும். சிறுநீரகம் பழுதுற்றவரிடம் பீட்டா த்ராம்போகுளோபுலின் வெளியேறாமல் தேங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுமொழி 3 (இரத்தவியல் மருத்துவர்):
ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஹெப்பாரின் தொடங்கிய ஐந்து முதல் பத்து நாள்களில் தட்டணுக்கள் குறைந்து, அதே வேளையில் இரத்தக்கட்டியும் உண்டாகும் நோய்க்கு நாங்கள் கேட்பது இப்புரதத்தின் அளவை அன்று. ஹெப்பாரினுடன் இணைந்த இப்புரதத்துக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருளையே. படிவத்தில் இரண்டையும் மாற்றி எழுதினால், ஹெப்பாரினை உடனே நிறுத்தவேண்டிய நோயாளிக்கு அது தொடர்ந்து செலுத்தப்படும் அபாயம் உண்டு.

மாணவர்:
மிக்க நன்றி. இடக்கை மாதிரியைப் பனிக்கட்டியில் வைக்காமல் அரை மணி நேரம் மேசைமேல் விட்டிருந்தோம் என்பதும் இப்போது நினைவுக்கு வருகிறது. இரண்டு புரதங்களையும் சேர்த்து மீண்டும் அளந்து எழுதுகிறேன்.