புதுப்பிப்பு: பழைய நகை அலமாரி ஒருவழியா முடிஞ்சுதுங்க

போன மாசம் சொல்லியிருந்தேனுங்க, ஈரோட்டுல பழைய மரச்சாமான் கடையில 1,800 ரூபாய்க்கு ஒரு தேக்கு நகை அலமாரி வாங்கினது. அக்கா மகள் கல்யாணத்துக்குச் சீரோட வைக்கத்தான். உள்ளே வெல்வெட் நைஞ்சு, இழுப்பறை இறுகிக் கிடந்துச்சு. எப்படி ஆச்சுன்னு கேட்டவங்களுக்கு இது.

மரவேலை சுலபம். 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, ரேகை ஓடுற போக்குலயே தேய்ச்சேன். மேல ஸ்பிரிட்டுல கரைச்ச அரக்கு பாலிஷ். மழை ஈரத்துல அடிச்ச ஒரு கோட்டு மட்டும் வெள்ளையாப் பூத்துருச்சு. வெயில் வந்த பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியில லேசாத் துடைச்சதும் தெளிஞ்சுது. பித்தளைக் கீலுக்குப் புளி. இறுகின இழுப்பறை அடியில மெழுகுவத்தி தேய்ச்சேன், இப்ப ஒரு விரல்ல இழுக்கலாம்.

சொதப்பினது வெல்வெட்டுலதான். பலகை மேல நேரா ஃபெவிகால் தடவி ஒட்டினேன். பசை ஊறி மேல திட்டுத்திட்டா நின்னுச்சு. அரை நாள் கூலி போன மாதிரி. எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு, அளவா வெட்டின அட்டையில துணியைச் சுத்தி, பின்பக்கம் மட்டும் ஒட்டி உள்ளே அமுக்கினேன். கச்சிதமா உக்காந்துச்சு. கம்பளித் துணி போடச் சொன்னவங்களுக்கு: கம்பளியில கந்தகம் இருக்குதுங்க, வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துரும். பருத்தி வெல்வெட்டே போதும்.

அம்மா வந்து கதவைத் திறந்து பார்த்துட்டு, "இத்தனை கொக்கி அடிச்சிருக்கறயே, இதுல மாட்டறதுக்கு நகையை யாரு கண்ணு வாங்கறது?"ன்னாங்க.