மறு: லீஸ்டு லைன்: குத்தகைத் தடமா, தனிக்கற்றையா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நிறுவனங்கள் உறுதியான வேகத்துக்காகத் தனியாக வாங்கும் இணைய இணைப்பு லீஸ்டு லைன் (leased line). அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: குத்தகைத் தடம், தனித்தடம், ஒதுக்கீட்டு இணைப்பு. பெங்களூரில் சிறுதொழில் நடத்தும் தமிழர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில் ஒரு அத்தியாயம் இந்தச் சொல் முடிவாகாமல் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில், ‘குத்தகைத் தடம்’ வேண்டும் என்ற அன்பர் எழுதியது:

> குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவு. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. லீஸ்டு லைன் குத்தகை, பிராட்பேண்ட் வாரம். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

ஐயா, அழகான விளக்கம். ஆனால் குத்தகையில் அளவு தவறாமல் கொடுக்க வேண்டியவர் நிலத்தை எடுத்தவர். இங்கே வேகத்தை அளவு தவறாமல் கொடுக்க வேண்டியது இணைப்பைத் தரும் நிறுவனம். கடமை எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

இன்னொரு சிக்கல் எங்கள் ஊருக்கே உரியது. பெங்களூரில் ‘லீசுக்கு வீடு’ என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்பார்களே, அதுதான். சிவாஜிநகரிலோ அல்சூரிலோ கடை வைத்திருப்பவரிடம் குத்தகை இணைப்பு என்று சொன்னால், “மொத்தமா எவ்வளவு கட்டணும்? எப்போ திரும்ப வரும்?” என்றுதான் முதலில் கேட்பார். மாதாமாதம் கட்டும் சேவைக்கு இந்தப் பெயர் குழப்பத்தையே தரும்.

சரி, வாங்குகிறவர் எதற்காகக் கூடுதல் பணம் தருகிறார் என்று பார்ப்போம். வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் (GPON) முறை, அதாவது ஒரே ஃபைபரைப் பலர் பகிரும் முறை. நிறுவனத்தின் கருவியில் ஒரு போர்ட்டில் கீழ்நோக்கி சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஜிகாபிட்), மேல்நோக்கி சுமார் 1.25 ஜிபிபிஎஸ். அதை ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான் வைத்து 32 அல்லது 64 இணைப்புகளுக்குப் பிரிக்கிறார்கள். அதற்கு மேலேயும் நிறுவனத்தின் வலையில் பகிர்வு உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுவேகம் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கில் ஓடும் ஏற்பாடு அது. வீட்டுக்கு அது போதும். பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு பட்டறை பெரிய வரைபடக் கோப்புகளை நாள் முழுக்க வாடிக்கையாளருக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் போதாது. லீஸ்டு லைனில் 100 எம்பிபிஎஸ் என்றால் பதிவிறக்கம் 100, பதிவேற்றமும் 100, அதுவும் எந்நேரமும். பகிர்வு விகிதம் 1:1, அதாவது அந்த வேகத்தை வேறு யாரோடும் பகிர்வதில்லை. கூடவே நிலையான ஐபி முகவரியும், தடைபட்டால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்ற எழுத்துப்பூர்வமான உறுதியும் வரும்.

ஆக, காசு கொடுத்து வாங்குவது கம்பியை அல்ல, கற்றையளவை (பேண்ட்வித்). அதனால்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்த ‘தனித்தடம்’ என்ற சொல்லையும் விட வேண்டியிருக்கிறது. தடம் என்றதும் நமக்கென்று தனியாக ஒரு பாதை இருப்பதாக வாசகர் நம்பிவிடுவார். நம் லீஸ்டு லைன் மற்றவர்களின் இணைப்போடு ஒரே கேபிளில், ஒரே குழிக்குள் வரலாம். மரத்துக்கு மரம் கட்டிய கேபிளிலும் வரலாம். வடிகாலுக்கோ மெட்ரோவுக்கோ சாலையைத் தோண்டும்போது அந்தக் கேபிள் அறுந்தால் 1:1 என்ற எண் உதவாது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியும், இரண்டும் ஒரே பக்கமாகக் கட்டடத்துக்குள் நுழைந்ததால் ஒன்றாகவே அறுந்த அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். பாதை எது என்பதை வாங்குகிறவர் தனியாகக் கேட்டாக வேண்டும். சொல்லே அதற்குப் பதில் சொல்லிவிட்டது போல ஒலித்தால் அந்தக் கேள்வி எழாமல் போய்விடும்.

‘ஒதுக்கீட்டு இணைப்பு’ பொருளில் சரிதான். ஆனால் ஒதுக்கீடு என்றதும் அரசு தரும் பங்கு என்ற எண்ணம் முந்திக்கொள்கிறது.

என் பரிந்துரை: தனிக்கற்றை. அலைக்கற்றை, அகலக்கற்றை இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பிராட்பேண்ட் அகலக்கற்றை, லீஸ்டு லைன் தனிக்கற்றை. அகலக்கற்றையில் வேகம் இருக்கும், அது நமக்கே உரியது என்ற உறுதி இருக்காது. அந்த வேறுபாட்டை இந்த இணை பளிச்சென்று காட்டுகிறது. ‘தனிக்கற்றை வாங்கியாச்சு’ என்று பேச்சிலும் உட்காருகிறது. இன்று விற்கும் ஆட்கள் ஐஎல்எல் (இன்டர்நெட் லீஸ்டு லைன்) என்கிறார்கள். அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் புரியாது.

துணைச்சொற்களில் எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. சமவேகம், பகிர்வு விகிதம், தாமதம் எல்லாம் சரி. எஸ்எல்ஏ-வுக்கு (நிறுவனம் எழுதித் தரும் அந்த உறுதிக்கு) வந்த ‘சேவைத்தர ஒப்பந்தம்’ என்பதை மட்டும் ‘சேவை உறுதி ஒப்பந்தம்’ என்று மாற்றக் கேட்கிறேன். தரம் என்றால் நல்லது, கெட்டது என்ற அபிப்பிராயம் போல ஆகிவிடுகிறது. அதில் இருப்பது எண். இணைப்பு 99.5 சதவீத நேரம் இருக்கும் என்று எழுதியிருந்தால், 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடம் இணைப்பு இல்லாமல் போனாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. 99.9 என்றால் 43 நிமிடம். இந்தக் கணக்கு மாதத்துக்கா, ஆண்டுக்கா? முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரம் இதில் சேருமா? தவறினால் கட்டணத்தில் எவ்வளவு கழிப்பார்கள்? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை இவைதான். கையேட்டிலும் இதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஜிபான் ஃபைபரிலேயே 1:1 தருகிறோம் என்று விற்பதும் நடக்கிறது. அதைத் தனிக்கற்றை என்று அழைக்கலாமா என்பதில் உங்கள் கருத்து வேண்டும். ஸ்ப்ளிட்டருக்கு மேலே நிறுவனத்தின் மேல்வலை வரை அளவு உறுதி செய்யப்பட்டு, பயன்பாட்டு வரைபடத்தை நாமே பார்க்க வசதியும் தந்தால் அழைக்கலாம் என்பது என் எண்ணம். வலையமைப்புத் துறையில் இருப்பவர்கள் மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். ‘குத்தகைத் தடம்’ ஏற்கெனவே சில சொற்பட்டியல்களில் இருப்பதால், கையேட்டின் பின்னிணைப்பில் அதையும் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து