எஸ்டி கார்டில் எழுதும் 'இமேஜ்': தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து எங்கள் பள்ளிக்கு ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினிப் பலகைகள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரிப்பதில் தொடங்கித் திரையில் டெஸ்க்டாப் வரும்வரை ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இயங்குதளத்தை 'இமேஜ்' கோப்பாக (ஒரு கார்டின் உள்ளடக்கம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி எஸ்டி கார்டில் எழுதுகிறோமே, அந்த இமேஜ்தான்.

கைவசம் இருக்கும் பழைய தாளில் 'படக்கோப்பை அட்டையில் நகலெடுக்கவும்' என்று இருக்கிறது. பிள்ளைகள் அதை அட்சரம் பிசகாமல் செய்கிறார்கள். கோப்பை மவுஸால் இழுத்துக் கார்டுக்குள் போட்டு, கார்டைப் பலகையில் செருகுகிறார்கள். சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு சிமிட்டுவதே இல்லை, திரை கறுப்பாகக் கிடக்கிறது. 'பலகை கெட்டுப்போச்சு மிஸ்' என்று ஓடி வருகிறார்கள். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இயங்கத் தொடங்குவதற்காகக் கார்டின் முதல் பகுதியில் பூட்கோட்.பின் என்ற கோப்பைத் தேடுகிறது. அதுவோ இமேஜுக்குள் கட்டு பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது.

கார்டுக்குள் ஒரு கோப்பை வைக்கிற வேலையல்ல இது, கார்டையே முழுசாக மாற்றி எழுதுகிற வேலை. சொல்லைப் பார்த்ததும் அது புரிய வேண்டும். உதவுங்கள்.

— கணினி ஆசிரியை, திருமங்கலம்

*

அன்பு மகளுக்கு,

படிமம் இருக்க வேறு சொல் எதற்கு? படி என்பது தமிழ் வேர். படிதல், படிவு, படிவம், படிமம் என்று வரிசையாக வருகின்றன. ஒன்றின் உரு இன்னொன்றின்மேல் அப்படியே படிவது படிமம். உங்கள் கார்டில் நடப்பதும் அதுவே. முகம் பார்க்கும் கண்ணாடியைப் படிமக்கலம் என்றார்கள் முன்னோர். படிகம்கூட ஒளி படியும் கல் என்பதால் வந்த பெயரே. தொல்காப்பியப் பாயிரத்தின் கடைசி அடி 'பல்புகழ் நிறுத்த படிமையோனே' என்று முடிகிறது. அந்தப் படிமையும் இதே குடும்பம். இவ்வளவு பழைய சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கடன் வாங்கப் போக வேண்டாம்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

*

> படிமம் இருக்க வேறு சொல் எதற்கு?

ஐயா, தமிழ் விக்கிப்பீடியாவில் ஒளிப்படக் கோப்புகளின் பெயருக்கு முன்னாலேயே 'படிமம்:' என்றுதான் நிற்கும். கவிதை பேசுகிறவர்களுக்குப் படிமம் வேறொன்று. பிள்ளைகள் காதில் அது படம் என்றுதான் விழும். டீச்சர் சொன்ன அதே சிக்கல் பின்வாசல் வழியாக வந்துவிடும்.

என் கட்சி எளியது: இமேஜ் என்றே போடுங்கள். எழுதுகிற மென்பொருளின் பெயரே ராஸ்பெரி பை இமேஜர். திரையில் ஒன்று, தாளில் ஒன்று இருந்தால் பிள்ளை எதை நம்பும்?

அப்புறம், சொல் எதுவானாலும் இன்னொரு வரியைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள். சரியாக எழுதி முடித்த கார்டைத் திரும்பச் செருகினால் விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கலாம். கார்டில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியின் கோப்பு அமைப்பு ஃபேட்32, விண்டோஸுக்குத் தெரியும். இரண்டாவது இஎக்ஸ்டி4, லினக்ஸ் வகை. அதைப் படிக்கத் தெரியாமல்தான் கேட்கிறது. 'சரி' என்று அழுத்தினால் எழுதியதெல்லாம் போச்சு.

— நிரலர், சென்னை

*

வணக்கம்.

இலங்கையில் பௌதிக வகுப்பில் ஆடியில் தெரிவது 'விம்பம்'. எங்கள் பிள்ளைகளுக்கு அது பழகிய சொல். விம்பம் என்றால் முதற்பொருளின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒத்த புள்ளி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கும். கோப்பின் ஒவ்வொரு பைட்டும் கார்டில் அதே ஒழுங்கில் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. 'வட்டு விம்பம்' என்று சொல்லலாமே?

— கணினி ஆசிரியர், யாழ்ப்பாணம்

*

விம்பம் வடசொல். பிம்பம் என்பதன் இன்னொரு வடிவம், அவ்வளவே. தமிழில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு அங்கே போக என்னால் ஒப்ப முடியாது.

— தஞ்சாவூர்

*

ஐயா, அப்படிப் பார்த்தால் படிமமும் நிற்காது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அதைப் பிரதிமா என்ற வடசொல்லோடு சேர்க்கிறது. படிமை சமணர் வழங்கிய பிராகிருதச் சொல் என்பது அந்த லெக்சிகனின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையின் வாதம். அதை வைத்துத் தொல்காப்பியரைச் சமணர் என்றே சொன்னார். படிகமும் ஸ்படிகம் என்ற வடசொல்லிலிருந்து வந்ததுதான். வேர்ச் சண்டையில் இறங்கினால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

எனக்கு வார்ப்பு என்ற சொல்லில் ஆசை. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவைச் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உரு முழுசாக, ஒரே மூச்சில் வருகிறது. கார்டிலும் அப்படித்தான், துண்டு துண்டாக எதையும் வைப்பதில்லை.

— மொழிபெயர்ப்பாளர், கும்பகோணம்

*

வார்ப்பு அழகுதான், ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. சுவாமிமலையில் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள், ஒரு அச்சுக்கு ஒரு சிலை. நம் கோப்பு ஒன்றை வைத்து எத்தனை கார்டு வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்து, டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு' ஏற்கனவே புழங்குகிறது.

முழுப்படி என்று வைத்தால் என்ன? படி என்றால் நகல். ஏட்டுச் சுவடி தேடியவர்கள் 'இன்னொரு படி கிடைத்தது' என்றுதான் எழுதினார்கள். ஒரு கார்டின் முழு நகல், முழுப்படி. வினைக்குப் 'பொறி' இருக்கிறது. கல்லில் எழுத்தைப் பொறிக்கிற மாதிரி, முழுப்படியைக் கார்டில் பொறி. நகலெடு, ஒட்டு என்று எதுவும் வராததால் பிள்ளை கோப்பை இழுத்துப் போட வழியில்லை.

— தன்னார்வலர், கோவை

*

முழுப்படி என்றதும் எங்கள் ஊரில் அரிசி அளக்கிற படிதான் நினைவுக்கு வரும். பொறி என்றால் இயந்திரம், தீப்பொறி, எலிப்பொறி எல்லாம் உண்டு. பிள்ளைகள் வாயில் அது 'பொரி'யாகிவிடும். நான் இமேஜில்தான் நிற்கிறேன்.

இன்னொன்று. திரை கறுப்பாகக் கிடப்பதற்கெல்லாம் சொல்லைக் குறை சொல்ல வேண்டாம். பச்சை விளக்கு நான்கு முறை சிமிட்டி நிறுத்தி, மறுபடி நான்கு முறை சிமிட்டினால் தொடக்கத்துக்கு வேண்டிய ஸ்டார்ட்.எல்ஃப் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு முறை என்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் கிடைக்கவில்லை. இரண்டுமே கார்டு அரைகுறையாக எழுதப்பட்டதன் அடையாளம். எழுதி முடித்ததும் இமேஜர் சரிபார்க்கும், அதை அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. திரை மூலையில் மின்னல் குறி வந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். பழைய போன் சார்ஜரையும் மெல்லிய ஒயரையும் மாற்றுங்கள். பை 3க்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும்.

— சென்னை

*

தம்பி, படி, பொறி இரண்டுக்கும் பல பொருள் இருப்பது குறையே இல்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழின் இயல்பு. அரிசியைக் கார்டில் பொறிக்க யாரும் போவதில்லை. படிமத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் 'பொறி' என்ற வினைக்கு என் முழு ஒப்புதல். எழுதியதை மறுபடி எழுதினால் முன்னது அழியும் என்பது மட்டும் அதில் வராது. கல்லில் பொறித்தது நிற்கும், கார்டில் பொறித்தது அடுத்த முறை போய்விடும். அதையும் மகள் ஒரு வரியில் சொல்லிவிடட்டும்.

— தஞ்சாவூர்

*

எல்லாருக்கும் நன்றி.

எட்டாம் வகுப்பிலிருந்து சில பிள்ளைகளைக் கூப்பிட்டு மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். படிமம் என்றதும் 'போட்டோவா மிஸ்' என்றார்கள். இமேஜ் என்றதற்கும் அதே கேள்வி. 'முழுப்படியைக் கார்டில் பொறி' என்றதற்கு, 'அப்போ கார்டில் முன்னாடி இருந்தது என்ன ஆகும்?' என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் போதும்.

கையேட்டில் முழுப்படி, பொறி இரண்டையும் வைக்கிறேன். முதல் முறை வருமிடத்தில் 'திரையில் இது இமேஜ் என்று இருக்கும்' என்று பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பொறித்தால் பழையது அழியும், ஃபார்மட் கேட்டால் வேண்டாம் என்று சொல், மின்னல் குறி வந்தால் சார்ஜரை மாற்று, இந்த மூன்றும் பெரிய எழுத்தில் போகின்றன.

— திருமங்கலம்

*

சரி. பெரும்பான்மை அப்படி என்றால் அச்சுக்குப் போகட்டும். கலைச்சொல் பட்டியலில் மட்டும் முழுப்படிக்குப் பக்கத்தில் 'படிமம் என்றும் வழங்கும்' என்று இருக்க வேண்டும். அதை எடுக்கச் சம்மதிக்க மாட்டேன்.

— தஞ்சாவூர்

*

பக்கத்தில் விம்பத்தையும் போட்டுவிடுங்கோ. எங்கள் வகுப்புக்கு இந்தக் கையேட்டைத்தான் எடுக்கப்போகிறேன், சொல்லை மட்டும் மாற்றி. உங்கள் மூலக்கோப்பை அனுப்ப முடியுமோ? எங்களிடம் இருப்பது பை 4. மின்சாரப் பக்கத்தை 3 ஆம்பியர், யூஎஸ்பி சி என்று திருத்த வேண்டும்.

— யாழ்ப்பாணம்