கார் செலவு: ஆசையா, வரியா?

நெடுஞ்சாலை (கோவை):
ஆசியாவில் எங்கே பார்த்தாலும் ஒரே கதைதான். கையில் காசு வந்தால் பெரிய கார். 2022-இல் ஜப்பானைத் தாண்டி இந்தியா உலகின் மூன்றாவது பெரிய கார் சந்தையானது. ஒரு காலத்தில் ஆல்டோ ஓடிய தெருக்களில் இப்போது எஸ்யூவிதான். புதிதாக விற்கும் கார்களில் பாதிக்கு மேல் அதுதானே! கார் செலவு கூடுகிறது என்றால் மக்கள் வளர்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜூரோங்வாசி:
அண்ணா, இங்கே சிங்கப்பூருக்கு வந்து ஒரு கார் வாங்கிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள். காருக்கு முன்னால் சிஓஇ எடுக்க வேண்டும். பத்து வருடம் கார் வைத்திருக்கும் உரிமை மட்டும்தான் அது, அதுவும் ஏலத்தில். 2020 தொடக்கத்தில் சிறிய கார் பிரிவில் முப்பதாயிரம் வெள்ளிச் (சிங்கப்பூர் டாலர்) சொச்சம். 2023-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதற்கு மேல் கூடுதல் பதிவுக் கட்டணம் வேறு. காரின் இறக்குமதி மதிப்பில் முதல் 20,000 வெள்ளிக்கு அதே அளவு, அதற்கு மேல் போகப் போக விகிதம் ஏறும். இந்த மூன்று வருடத்தில் எங்கள் செலவு எகிறியதற்கு நாங்கள் மூன்று மடங்கு வளர்ந்ததா காரணம்?

நெடுஞ்சாலை:
சிங்கப்பூர் ஒரு ஊர். அதை வைத்து ஆசியாவை அளக்காதீர்கள்.

ஒசாகாவிலிருந்து:
சரி, ஜப்பானை வைத்து அளப்போம். இந்தியாவைவிடப் பல மடங்கு வருமானம். ஆனால் இங்கே விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கெய் கார்: 660 சிசி, 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ஆண்டு வரி 10,800 யென். அதையே 1500 சிசி காராக வாங்கினால் 30,500. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறதென்று போலீஸில் சான்று வாங்கினால்தான் சாதாரண காரைப் பதிய முடியும். கெய் காருக்குச் சின்ன ஊர்களில் அந்தத் தொல்லையே கிடையாது. காசு இருந்தும் சின்ன கார். உங்கள் விதி இங்கே ஓடவில்லையே?

கிள்ளான்காரன்:
மலேசியாவில் ஒன்பது வருடம் வரை கார் கடன் தருவார்கள். மைவி என்ற எங்கள் ஊர்ச் சின்னக் கார் எங்கும் ஓடுவதில் பாதி காரணம் அதுதான், மீதி மானிய விலை பெட்ரோல். பக்கத்தில் தாய்லாந்தைப் பாருங்கள். முதல் கார் வாங்கினால் ஒரு லட்சம் பாட் வரை வரித் தொகையைத் திருப்பித் தருகிறோம் என்றது அரசு. 2012-இல் 14 லட்சம் வாகனம் விற்றது. 2024-இல் ஆறு லட்சம்கூட இல்லை. குடும்பக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்க, வங்கிகள் கையை இறுக்கிவிட்டன. பிக்கப் வண்டி மேல் அவர்களுக்கு இருந்த ஆசை எங்கும் போய்விடவில்லை, கடன்தான் கிடைக்கவில்லை.

நெடுஞ்சாலை:
சீனாவை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்? பிஒய்டியின் சின்ன மின்சாரக் கார் சீகல், 2024-இல் சுமார் 70,000 யுவான்தான். மலிவு, நல்ல கார், மக்கள் வாங்குகிறார்கள்.

ஜூரோங்வாசி:
நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள்! அதே 2024-இல் ஷாங்காயில் பெட்ரோல் காருக்கு நம்பர் பிளேட் ஏலத்தில் சுமார் 90,000 யுவான். சீகல் காரைவிட அந்தத் தகடு விலை அதிகம். முழு மின்சாரக் காருக்கு அது இலவசமாகக் கிடைத்தது. உங்கள் ஊரிலும் டாடா நெக்ஸான் எஸ்யூவியின் நீளம் 3,995 மில்லிமீட்டரில் ஏன் நிற்கிறது? நான்கு மீட்டரைத் தாண்டினால் வரி ஏறும். 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்திலும் அதே கோடுதான்: சிறிய எஞ்சினோடு உள்ளே இருந்தால் 18 விழுக்காடு, வெளியே போனால் 40.

நெடுஞ்சாலை:
அந்தக் கோட்டுக்குள்தான் ஸ்விஃப்டும் இருக்கிறது, தம்பி. ஒரே வரி. அப்படியும் 2024-இல் இந்தியாவில் அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். உயரமாக, எஸ்யூவி மாதிரி இருக்கிறது என்றுதான் வாங்கினார்கள். இது ஆசை இல்லாமல் வேறென்ன?

கிள்ளான்காரன்:
அதை ஏழு வருடக் கடன் இல்லாமல் வாங்கியவர்கள் எத்தனை பேர் அண்ணா?